ஒன்றரைச் சுற்று

எங்கள் விரிப்பில் உட்கார ஒரே ஒரு சட்டம்தான். நமினோ கேளிக்கைப் பூங்காவில் முன்பு இருந்து இப்போது குறைந்துபோன ஏதாவது ஒன்றைச் சொல்ல வேண்டும். சொன்னால்தான் நுகாகா சான் டப்பாவைத் திறந்து சோற்று உருண்டையை நீட்டுவார். வாத்தியக் குழு போய் ஒலிபெருக்கி வந்துவிட்டது, குதிரை ராட்டினத்தில் மூன்றாவது குதிரைக்கு வாலில்லை, ஊர்வலத்தின் கடைசி வண்டியில் சோப்பு நுரை நாற்பது விநாடி முன்னதாகவே நின்றுவிடுகிறது. எதுவானாலும் சரி. தேதியும் நேரமும் போட்டு அதை நோட்டில் எழுதிக்கொள்வார். வாரம் முழுக்க ஊரார் வீட்டுத் தண்ணீர் மீட்டரைப் பார்த்து எழுதுகிற மனிதர். ஞாயிற்றுக்கிழமையும் அந்தக் கை சும்மா இருக்காது.

இதைக் கேட்டுவிட்டு எங்களுக்குப் பூங்காவைப் பிடிக்காது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. பிடிக்காத இடத்துக்கு ஒன்பது மணிக்குக் கதவு திறக்க ஆறரைக்கே போய் எவனாவது வரிசையில் நிற்பானா? கதவு திறந்ததும் ஓடக் கூடாது என்று எழுதியிருப்பதால் ஓடாமல், ஆனால் ஓட்டத்துக்குக் குறையாத வேகத்தில் நடந்து, மணிக்கூண்டு வளைவில் நீல விரிப்பைப் போட்டு இடம் பிடிப்போம். பிறகு பதினொன்றரை மணி ஊர்வலம் வரைக்கும் பூங்காவைத் திட்டுவோம். எங்கள் பாசத்தின் லட்சணம் அது.

விரிப்பில் நாங்கள் நால்வர், மரியாதைக்குப் பெயரோடு 'சான்' சேர்த்துக் கூப்பிட்டுக்கொள்வோம். மீட்டர் பார்க்கிற நுகாகா சான். பல் ஆஸ்பத்திரி வரவேற்பில் இருக்கும் தோமிசாவா சான். கையில் எப்போதும் ஊசியும் நூலும் இருக்கும். மீன் லாரி ஓட்டுகிற கொஹாமா. முழங்கை நீளத்துக்குக் கேமரா வைத்திருப்பார். நான்காவது நான், ஹிராய்வா; வீட்டில் தெட்சு. டிரைவிங் ஸ்கூல் வாத்தியார். வாரத்தில் ஆறு நாள் பிரேக்கை மிதி மிதி என்று கத்துகிற வேலை. அதனால் எனக்குக் கோபம் மூக்குக்கு மேலேயே குடியிருக்கும், வாயும் கொஞ்சம் அதிகம்.

நாங்கள் காத்திருப்பது போக்கோவுக்காக. பூங்காவின் சின்னமான நீர்நாய் அவன். ஆளுயரம், தவிட்டு நிறம், தட்டையான பெரிய வால். ஊர்வலத்தில் எங்கள் வளைவுக்கு வந்ததும் இடது காதைப் புறங்கையால் இரண்டு தடவை சொறிவான். பிறகு ஒற்றைக் காலில் ஒன்றரைச் சுற்று. முதுகு எங்கள் பக்கமாக வந்து நிற்கும். வாலால் தரையில் ஓங்கி ஓர் அடி. அந்தச் சத்தத்தில் குழந்தைகள் கத்தும், நாங்கள் நால்வரும் அதைவிட அதிகமாகக் கத்துவோம்.

போக்கோவுக்குள்ளே இருப்பவள் என் மனைவி சிஹோ. பூங்கா திறந்த நாளிலிருந்து இருபத்து நாலு வருடமாக அவளேதான்.

விரிப்பில் யாருக்கும் இது தெரியாது. வேலையில் சேர்ந்தபோதே, வெளியே சொல்வதில்லை என்று அவள் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். அதைவிடப் பெரிய தடை விரிப்பிலேயே இருந்தது. போக்கோவுக்குள் ஆள் இருப்பதாகப் பேசுவதுபோல அநாகரிகம் எங்களிடையே வேறு கிடையாது. எல்லோரும் நாற்பதைத் தாண்டியவர்கள், உள்ளே ஆள் இருப்பது தெரியாதா? தெரியும். பேசக் கூடாது, அவ்வளவுதான். சிஹோவுக்குக் காய்ச்சல் வந்து வேறு ஒருத்தி ஆடிய நாளில், "போக்கோ இன்னிக்கு மழையில நனைஞ்சு சுருங்கிட்டான்" என்றார் கொஹாமா. வேறு ஆள் என்று அதற்கு அர்த்தம். எல்லோரும் தலையாட்டினோம்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் நான் மனைவியைப் பார்க்கத்தான் வந்தேன். நிற்க இடமில்லாமல் முழித்தபோது தோமிசாவா சான் விரிப்பில் நகர்ந்து இடம் கொடுத்தார். உட்கார்ந்தவன் எழுந்திருக்கவே இல்லை. என் மனைவியை இவ்வளவு பேர் நேசிப்பதைக் காசு கொடுத்தாலும் வேறு எங்கே கேட்க முடியும்?

இந்தக் கோடையில் அவளுடைய வலது முட்டி போயிற்று. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் குளியல் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து, ஐஸ் மூட்டையைக் கட்டிக்கொள்வாள். பூங்காவில் சொல்லவில்லை. சொன்னால் அன்றோடு சரி. ஒன்றரைச் சுற்றை ஒரு சுற்றாகக் குறைத்துக்கொண்டாள். மேலாளர்கள் ஊர்வலத்தைப் பார்ப்பதை எப்போதோ விட்டுவிட்டதால் யாரும் கவனிக்க மாட்டார்கள் என்பது அவள் கணக்கு.

"அடுத்த வருஷம் அக்டோபர் வரைக்கும் போதும் தெட்சு. இருபத்தஞ்சாவது வருஷ ஊர்வலம் முடியட்டும். அன்னிக்கு நானே தலையைக் கழட்டி வெச்சுடறேன். நானா நிறுத்தணும். யாரோ சொல்லி நிறுத்தினதா இருக்கக் கூடாது."

அதை அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்பது எனக்குத் தெரியும். இருபத்திரண்டு வயதில் நாடகக் குழுவிலிருந்து அவளை நிறுத்தினார்கள். ஆட்டமெல்லாம் பிரமாதம், ஆனால் முகம் மனதில் நிற்கவில்லை என்றார்களாம். முகமே தேவையில்லாத வேலையாகப் பார்த்துப் பிடித்தாள். அதிலிருந்தும் ஒருவர் நிறுத்தினார் என்றால் அவளால் தாங்க முடியாது.

மேலாளர்கள் பார்க்காவிட்டால் என்ன, நுகாகா சான் பார்த்தார். நவம்பர் முதல் ஞாயிறு, சோற்று உருண்டை டப்பாவைத் திறக்காமலேயே ஒரு கடிதத்தை எடுத்து விரிப்பில் வைத்தார். 'விருந்தினர் குரல்' பெட்டியில் போடுவதற்கு. பெயரும் முகவரியும் எழுதிப் போடும் கடிதங்களைத் திங்கட்கிழமைக் கூட்டத்தில் உரக்கப் படிப்பார்கள் என்பது பூங்காவை அறிந்த எல்லோருக்கும் தெரியும். போக்கோ சில மாதங்களாகத் தூக்கக் கலக்கத்தில் இருக்கிறான், ஒன்றரைச் சுற்று ஒரு சுற்றாகிவிட்டது, தயவுசெய்து நன்றாகத் தூங்கி எழுந்த பழைய போக்கோவை அனுப்புங்கள் என்று எழுதியிருந்தது. எங்கள் பாஷையில், புது ஆளைக் கொண்டுவந்து பயிற்சி கொடுக்காமல் இறக்கிவிட்டார்கள் என்று அர்த்தம். இணையத்தில் நாற்பது பேர் ஏற்கெனவே பெயர் கொடுத்திருந்தார்கள்.

கடிதத்தை எடுத்து இரண்டாவது தடவையும் படித்தேன்.

அன்றைக்கு விரிப்பில் நடந்தது சாதாரண வாக்குவாதம் இல்லை. தோமிசாவா சான், போக்கோவை மட்டும் ஏன் பிடித்துக்கொள்ள வேண்டும், பூங்கா மொத்தமுமே கை தளர்ந்துவிட்டது, கழிப்பறையில் பூ வைப்பதைக்கூட நிறுத்திவிட்டார்கள் என்றார். கொஹாமா ஒத்துக்கொள்ளவில்லை.

"பூங்கா அப்படியேதான் இருக்கு. நாமதான் வாராவாரம் வந்து வந்து கண்ணைத் தீட்டி வெச்சிருக்கோம். நோட்டு இல்லாதவன் எவனுக்காவது அரைச் சுற்று குறைஞ்சது தெரியுமா?"

"தெரியாதவனுக்காகவா ஆடறான்?" நுகாகா சான் குரலை உயர்த்தவில்லை. "நல்லா இல்லாததை நல்லாருக்குன்னு கை தட்டினோம்னா, அதைவிட அவமானம் அவனுக்கு வேற இல்ல. நாம சொல்லலைன்னா யாரு சொல்லுவா?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்ததுதான் எனக்கு எரிச்சல். தரையில் புதுக் கல் பதித்திருக்கிறார்கள், வழுக்குகிறது என்று சொல்லிப் பார்த்தேன். கல் பதித்த பிறகு மழை பெய்யாத ஞாயிறு பதினொன்று, பதினொன்றிலும் ஒரே சுற்றுதான் என்று நோட்டைப் புரட்டிக் காட்டினார். பாட்டை வேகமாக ஓட்டுகிறார்கள், சுற்ற நேரமில்லை என்றேன். நிறுத்துக் கடிகாரம் வைத்து அதையும் அளந்திருந்தார். டிரைவிங் ஸ்கூலில் இப்படி ஒரு மாணவன் கிடைத்தால் நான் ராஜினாமா செய்துவிடுவேன்.

பேனாவை என் பக்கம் நீட்டினார். நால்வரில் நான் மட்டும் கையெழுத்துப் போடாவிட்டால் ஏன் என்று கேட்பார்கள். போட்டால் என் மனைவியை வேலையிலிருந்து தூக்கச் சொல்லி நானே எழுதிக்கொடுத்ததாக ஆகும். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வாய்தான் ஓடியது.

"புதுசா யாரும் வரலை. அதே போக்கோதான்."

மூவரும் என்னைப் பார்த்தார்கள். தடையை மீறிவிட்டேன் என்று தெரிந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"காதைப் பாருங்க. சுத்தறதுக்கு முன்னாடி புறங்கையால ரெண்டு தடவை. அது ஆட்டத்துல கிடையாது. ஒருத்தர் இன்னொருத்தருக்குச் சொல்லிக் குடுக்கற விஷயமும் இல்ல. இப்பவும் அப்படியேதானே சொறியறான்?"

கொஹாமா கேமராவில் பழைய படங்களைத் தேடி எடுத்தார். ஒன்பது வருடத்துக்கு முந்தைய போக்கோ, ஐந்து வருடத்துக்கு முந்தைய போக்கோ, போன வாரத்துப் போக்கோ. மூன்றிலும் அதே சாய்வில் தலை, அதே புறங்கை. தோமிசாவா சான் ஊசியைத் துணியில் குத்தி வைத்தார். அவர் வீட்டில் பூங்கா திறந்த வருடத்து வீடியோ இருந்தது. அதிலும் போக்கோ காதைச் சொறிவான் என்று மெதுவாகச் சொன்னார்.

"அப்ப, இருபத்து நாலு வருஷமாவா?" என்று கேட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்.

நுகாகா சான் கடிதத்தை நான்காகக் கிழித்துப் பையில் போட்டார். "நல்ல வேளை சொன்னீங்க ஹிராய்வா சான். பாவம் பண்ண இருந்தேன்" என்றார். கண் கலங்கியிருந்தது. அன்று போக்கோ ஒரே சுற்றுச் சுற்றியபோது நாங்கள் கை தட்டியதில் பக்கத்து விரிப்புக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

வீட்டுக்குப் போகும் வழியில் விலாங்கு மீன் வாங்கினேன். என்ன விசேஷம் என்று சிஹோ கேட்டாள். சும்மாதான் என்றேன். அடுத்த அக்டோபர் வரைக்கும் அவளைக் காப்பாற்றிக் கொடுத்துவிட்டேன் என்று எனக்குள் ஒரே கும்மாளம். முட்டாள்.

டிசம்பர் இரண்டாவது ஞாயிறு வளைவுக்குப் போனால், எங்கள் விரிப்புக்கு இரண்டு பக்கமும் அறுபது எழுபது பேர். எல்லோர் கழுத்திலும் தவிட்டு நிறத்தில் மஃப்ளர். தோமிசாவா சான் எனக்கும் ஒன்று பின்னிக் கொண்டுவந்திருந்தார். என்ன என்று கேட்டதற்கு, உங்களுக்குத்தான் முதலில் காட்ட வேண்டும் என்று ஆசை, ஆனால் ஊர்வலம் வரட்டும் என்றார். கொஹாமா சிரித்தபடி என் முதுகில் தட்டினார்.

பாட்டுக் கேட்டதும் சுருட்டி வைத்திருந்த நீளத் துணி ஒன்றின் இடது மூலையை என் கையில் திணித்தார்கள். மறுமூலையை நுகாகா சான் பிடித்தார். துணி விரிந்தது. பின்பக்கமிருந்து எழுத்துகள் இடம் வலம் மாறித் தெரிந்ததால் கூட்டிப் படிக்க எனக்கு நேரம் பிடித்தது. ஒவ்வொரு எழுத்தையும் தோமிசாவா சான் கையால் தைத்திருந்தார்.

'போக்கோ, இருபத்து நாலு வருடத்துக்கு நன்றி. இனி முழுச் சுற்று வேண்டாம். ஓய்வெடு.'

படித்து முடிப்பதற்குள் அவள் வந்துவிட்டாள். மூலையை விட்டிருக்க வேண்டும். விடவில்லை, விரல் மரத்துப் போயிருந்தது. போக்கோவின் திறந்த வாய்தான் அவளுக்கு ஜன்னல். அதன் கறுப்பு வலைக்குள்ளிருந்து துணியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் அவள் படிப்பதை, தலை மெதுவாகத் திரும்பியதை வைத்துப் புரிந்துகொண்டேன். தலை என் பக்கத்தில் வந்து நின்றது.

கை காதை நோக்கி எழுந்தது. பாதியில் நின்றது. அப்படியே இறங்கிவிட்டது.

இருபத்து நாலு வருடத்தில் அன்றுதான் போக்கோ காதைச் சொறியவில்லை. ஒரே ஒரு சுற்று, வால் அடி, போய்விட்டாள். அவனுக்கு மனசு நெகிழ்ந்துவிட்டது என்று எல்லோரும் அழுதார்கள். மணிக்கூண்டின் அடியில் கோட்டுப் போட்ட ஒருவர் துணியைப் போனில் படமெடுத்துக்கொண்டிருந்தார். சிஹோவின் மேலாளர் ஓனுகி.

திங்கட்கிழமை அவளைக் கூப்பிட்டார்கள்.

"ஓனுகி சான் ரொம்ப மரியாதையாத்தான் பேசினாரு" என்றாள், சமையலறை மேஜையில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு. "ஜனங்க ஆளைப் பாக்க ஆரம்பிச்சுட்டாங்க, போக்கோவுக்கு வயசே கிடையாதேன்னாரு. குனிஞ்சு வணக்கம் வேற. பிப்ரவரியிலேர்ந்து புதுப் பொண்ணு, அதுவரைக்கும் போக்கோ ஓய்வுலன்னு போர்டு வெச்சுடுவாங்களாம். நான்தான் சொல்லிக் குடுக்கணுமாம்."

நான் எழுந்து அரிசி வேகிற அடுப்பைத் தணித்தேன்.

"இருபத்து நாலு வருஷமும் ஒரே ஆளுன்னு உங்க விரிப்புக்காரங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்டாள்.

சொன்னேன். கடிதத்தையும், பேனாவை நீட்டியதையும், நான் சொன்னதையும் ஒன்று விடாமல் சொன்னேன். அவள் கத்தியிருந்தால் பரவாயில்லை, பதிலுக்கு நானும் கத்தி ஆற்றிக்கொண்டிருப்பேன்.

"காதையா சொன்னே?" என்றாள். "முதல் நாள் அந்த இடத்துல தையல் குத்திச்சு. மறுநாளே பிரிச்சுத் தெச்சுட்டாங்க. கை மட்டும் போயிட்டே இருந்துச்சு. அந்த வேஷத்துல அது ஒண்ணுதான் என்னோடது."

அதற்குப் பிறகு முட்டிக்கு ஐஸ் வைப்பதை நிறுத்திவிட்டாள். இனி எதற்கு என்று நினைத்தாளோ என்னவோ. ஜனவரி முழுக்கத் தினமும் போய் அந்தப் பெண்ணுக்குச் சொல்லிக்கொடுத்தாள். நான் ஞாயிற்றுக்கிழமை வீட்டிலேயே கிடந்தேன். உடம்பு சரியில்லையா என்று நுகாகா சான் இரண்டு தடவை போன் செய்தார். எடுக்கவில்லை. அவர் மேல் வந்த கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? அவர்கள் செய்ததெல்லாம் அன்பு. என் வாய் செய்ததும் அதேதான்.

பிப்ரவரி முதல் ஞாயிறு காலை ஆறு மணிக்கு அவள் கோட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

"வா, போலாம். வெளியிலேர்ந்து நான் பாத்ததே இல்ல."

விரிப்பில் எங்களைக் கண்டதும் மூவரும் எழுந்துவிட்டார்கள். என் மனைவி என்று அறிமுகம் செய்தேன். இவ்வளவு நாள் எங்கே மறைத்து வைத்திருந்தீர்கள் என்று கொஹாமா கேலி செய்தார். தோமிசாவா சான் தன் குட்டி மெத்தையை எடுத்து அவளுக்குக் கொடுத்தார். சிஹோ வலது காலை மடக்காமல் நீட்டி உட்கார்ந்தாள்.

பாட்டு வந்தது. போக்கோ வந்தான். எங்கள் வளைவில் நின்று, இடது காதைப் புறங்கையால் சொறிந்தான். ஒன்று, இரண்டு. ஒற்றைக் காலில் ஒன்றரைச் சுற்று, முதுகு எங்கள் பக்கம், வாலால் ஓங்கி ஓர் அடி. கிண்ணென்று இருந்தது. விரிப்பு மொத்தமும் எழுந்து கத்தியது. அந்தக் காதையும் அவள் சொல்லிக் கொடுத்துவிட்டாள்.

நுகாகா சானுக்குத் தலைகால் புரியவில்லை. "நீங்க சொன்னது சரி ஹிராய்வா சான், அதே போக்கோதான். காதைப் பாத்தீங்கல்ல? ரெண்டு மாசம் ஓய்வு எடுத்துட்டு எழுந்து வந்துட்டான். பூங்கா இன்னும் தளரலை" என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். பிறகு நோட்டைத் திறந்து சிஹோவின் பக்கம் திரும்பினார். புதிதாக வருபவர்களுக்கும் சட்டம் உண்டு, குறைந்துபோன ஒன்றைச் சொன்னால்தான் உருண்டை என்று விளக்கினார்.

"எனக்கு எதுவும் குறைஞ்சதாத் தெரியலையே" என்றாள்.

"அது செல்லாதுங்க. ஒண்ணாவது சொல்லணும்" என்று சிரித்தார் நுகாகா சான்.

ஊர்வலம் வளைவைத் தாண்டிப் போய்விட்டிருந்தது. கடைசி வண்டியின் சோப்பு நுரை தரையில் ஒவ்வொன்றாக உடைந்துகொண்டிருந்தது. அவள் அதையே பார்த்தபடி சொன்னாள்.

"விரிப்போட இடது ஓரத்துல ஒருத்தர் உக்காந்திருப்பாரு. போக்கோ வளைவுக்கு வர்றதுக்கு முன்னாடியே, எல்லாருக்கும் முன்னாடி, அவருதான் கை தட்ட ஆரம்பிப்பாரு. அந்தச் சத்தத்தை வெச்சுத்தான் வளைவு வந்துடுச்சுன்னு தெரியும். இன்னிக்கு அவரு தட்டலை."

இடது ஓரம் என் இடம்.

நுகாகா சானின் பேனா நின்றது. அவர் என்னைப் பார்த்தார். பிறகு, நீட்டியிருந்த அவளுடைய வலது காலைப் பார்த்தார். கொஹாமா கேமராவை மடியில் இறக்கினார். தோமிசாவா சானின் கை கழுத்து மஃப்ளருக்குப் போய் அங்கேயே இருந்தது. மூவருக்கும் தெரிந்துவிட்டது. யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்பதுதானே எங்கள் வழக்கம். அந்த வழக்கத்தை நான் அன்றைக்குக் காப்பாற்றியிருந்தால் இந்நேரம் அவள் அந்த வளைவில் ஒரு சுற்றாவது சுற்றிக்கொண்டிருப்பாள்.

நுகாகா சான் நோட்டில் எதுவும் எழுதவில்லை. மூடி வைத்துவிட்டு முழங்காலிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். டப்பாவைத் திறந்து, ஒரு சோற்று உருண்டையை இரண்டு கைகளாலும் ஏந்தி, தலையைக் குனிந்தபடி அவளிடம் நீட்டினார். சிஹோ வாங்கிக்கொண்டாள். கொஞ்ச நேரம் அதைச் சாப்பிடாமல் வைத்திருந்தாள்.

அப்புறம் அவளுடைய வலது கை மெதுவாக எழுந்தது. உருண்டையை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, முட்டியைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள்.

எதிரே பாதை காலியாகக் கிடந்தது. நான் கை தட்டினேன்.